புன்னந்துறைக்குத் திரும்பும் வழி

சென்னையிலிருந்து புன்னந்துறைக்கு வருகிற பாதை எந்த நாளில் நீள ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலில் இறங்கிய வாரம் என்பார் ஒருவர், இல்லை, மாரியம்மன் கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின வெள்ளி என்பார் இன்னொருவர், ஆனால் முதலில் நீண்டது அரை மணி நேரம்தான் என்பதிலும் அதற்காகத் திட்டு வாங்கியவர் டிரைவர்தான் என்பதிலும் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. விடிகிற நேரத்துக்கு வந்து நிற்க வேண்டிய பஸ் விடிந்த பிறகு வந்தது. மறுவாரம் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு வந்தது. அதற்கும் மறுவாரம் இட்லிக் கடைகள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு வந்தது. டிரைவரைப் பிடித்து உலுக்கியதற்கு, நாகப்பட்டினம் வரைக்கும் நேரத்துக்கு வந்துவிட்டேன், அதற்கப்புறம் ரோடு முடிய மாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய என்றார். குடித்திருக்கிறாரா என்று வாயை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், பீடி நாற்றம்தான் வந்தது.

போகிற பாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. சாயங்காலம் புன்னந்துறையில் ஏறி உட்கார்ந்தவன் விடிந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கி டீ குடித்தான். மீன் போனது, இறால் போனது, உப்பு போனது, படித்த பையன்களும் படிக்காத பையன்களும் போனார்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் போனார்கள், எல்லாம் ஓர் இரவில் போய்ச் சேர்ந்தன. திரும்புவதற்குத்தான் முதலில் ஒரு நாள் ஆனது, பிறகு நாலைந்து நாள் ஆனது, பிறகு வாரக்கணக்காக ஆனது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தாலும் சரி, விழுப்புரம் கும்பகோணம் என்று சுற்றி வந்தாலும் சரி, திருச்சிக்கு ரயிலில் போய் அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து வந்தாலும் சரி, சென்னையில் புறப்பட்டவன் கடைசியில் ‘புன்னந்துறை 12’ என்று எழுதிய மைல்கல்லுக்கு வந்து சேர்ந்தான், அதைத் தாண்டி வயலும் கருவேலமுமாக வெகுதூரம் போனான், போனதும் மறுபடி ‘புன்னந்துறை 12’ வந்தது, அதையும் தாண்டிப் போனான், மறுபடியும் அதுவே வந்தது. காசிமேட்டிலிருந்து படகிலேயே வந்துவிடலாம் என்று புறப்பட்ட நாலு பேருக்குப் புன்னந்துறைக் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, கிட்டே மட்டும் வரவில்லை. இதையெல்லாம் விசாரித்து அறிக்கை கொடுக்கப் புறப்பட்ட அதிகாரி இன்னும் வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

ஊர் என்றால் எதையும் பழகிக்கொள்ளும். முதலில் சாமி குற்றம் என்றார்கள், கிடா வெட்டினார்கள், ரோடு சுருங்கவில்லை என்றதும் கிடாக் கறியைச் சாப்பிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சென்னை பஸ்களில் சமையல் அடுப்பு வைத்தார்கள், பின்சீட்டுகளைக் கழற்றிப் பாய் விரித்தார்கள், அந்த நீளத்தில் புளியமரம் கண்ட இடத்தில் யார் யாரோ இறங்கிக் கூரை போட்டு டீக்கடை வைத்தார்கள். ஜோசியர் முகூர்த்தம் குறிக்கும்போது மாப்பிள்ளை ஊரில் இருக்கிறாரா வழியில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டார். சாவு விழுந்தால் சென்னையிலிருக்கிற பிள்ளைக்காகப் பிணத்தைப் போட்டுக் காத்திருந்து காத்திருந்து பார்த்துவிட்டு, பிறகு செல்போனைச் சிதைக்குப் பக்கத்தில் பிடித்து, அழுவதானால் அழு தம்பி என்று சொல்லிக் கொள்ளி வைத்தார்கள். சென்னைக்கு பஸ் ஏறுகிறவர்கள் யாரும் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்வதில்லை என்று ஆனது. ‘போறேன்’ என்றார்கள். அபசகுனமான அந்தப் பேச்சு நாக்குக்குப் பழக எத்தனை காலம் ஆகும் என்று நினைக்கிறீர்கள், ஒரு பருவம்கூட ஆகவில்லை.

ஐஸ் கம்பெனி மேஸ்திரி கலியமூர்த்திதான் இதையெல்லாம் கடைசியாக நம்பியவர். பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பிணங்களுக்கு ஐஸ் பார் உடைத்துக் கொடுத்தவரே அவர்தான், இருந்தும் நம்பவில்லை. சோம்பேறி டிரைவர்கள், வாய்ப்பேச்சு வீரர்கள், மாமியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ரோடு நீளம் என்கிற பையன்கள், இவர்கள் கிளப்பிவிட்ட கதை என்று டீக்கடையில் அடித்துச் சொன்னார். அவர் நம்பாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஒரே மகள் நித்யகலாவை சென்னையில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிற ராஜ்மோகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார், அவள் முழுகாமல் இருந்தாள், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதில் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

மறுபேச்சுக்கு வழியை அவரே அடைத்து வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி சுந்தரேசன் தன் மகளின் பிரசவத்தைத் திருப்பூரில் மருமகன் வீட்டிலேயே பார்க்க விட்டபோது, தலைப்பிரசவத்துக்கு மகளை அழைக்க வக்கில்லாதவன் என்று நாலு பேர் நடுவில் சொன்னவர் கலியமூர்த்தி. அந்த நாலு பேரும் இன்றைக்கும் அதே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகன் போனில், மாமா, வீட்டுப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டரும் தெரிந்தவர், இங்கேயே பார்த்துக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். நல்ல பையன், மாமனார் பேச்சைத் தட்டத் தெரியாதவன், அதுதான் அவன் செய்த தப்பு. கலியமூர்த்தி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார், கொத்தனாரை வைத்து வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை கட்டினார், ஏழாம் மாதம் வளைகாப்புக்கு மனைவி பூங்காவனத்தைச் சீர்த்தட்டுகளோடு சென்னைக்கு அனுப்பினார். சீசன் நேரம் என்பதால் அவரால் கம்பெனியை விட்டு நகர முடியவில்லை. அப்போது திரும்புவதற்குப் பத்து நாள் ஆகிறது என்று பேச்சு. பத்து நாளே ஆகட்டும், பிரசவத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று விரல் மடக்கினார்.

பூங்காவனம் மகளுக்கு வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு ஊட்டி, நல்ல நேரம் பார்த்து பஸ் ஏற்றினாள். நாகப்பட்டினம் வந்தாயிற்று என்று மறுநாள் காலை போன் வந்தது. கல் வந்துவிட்டது என்று அடுத்த போன் வந்தது. கல் மறுபடியும் வந்துவிட்டது என்று அதற்கடுத்தது வந்தது. பத்து நாளும் போயின, ஒரு மாதமும் போனது, அந்த ரோடு போகப் போக நீண்டுகொண்டே இருந்தது.

அந்த நீளத்தில் வருகிற பஸ்களில் தினம் ஏதாவது ஒன்று மனம் விட்டுவிடும். டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, பயணிகளைக் கேட்டு, சென்னையைப் பார்த்துத் திருப்புவார். திருப்பிய வண்டிக்கு அது பழைய ரோடுதான், விடிந்தால் கிளாம்பாக்கம். ஒரு வண்டி திரும்புகிறது என்றதும் பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் நிற்கும், மனம் விட்டவர்கள் மூட்டையோடு அதில் ஏறிக்கொள்வார்கள், அதிலிருந்து இன்னும் நம்பிக்கை இருக்கிறவர்கள் இறங்கி இவர்களோடு வந்து உட்காருவார்கள். இப்படி மாறி மாறி ஏறி, பூங்காவனம் வந்த பஸ்ஸில் கடைசியில் பிடிவாதக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கலியமூர்த்தியைக் கேட்டாள். அவர் ஒவ்வொரு முறையும் வரச் சொன்னார்.

எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில் வந்த போன்தான் அவர் சாகிறவரைக்கும் மறக்க முடியாதது. உச்சி வெயில், அவர் ஐஸ் அரைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து பேசினார்.

“ஏங்க, ஒரு வண்டி திரும்புது. இதுக்கு அப்புறம் எப்ப திரும்பும்னு தெரியாதுங்கிறாங்க. பின்னாடி வண்டி வர்றதே கொறைஞ்சி போச்சி. ஏறிடவா?”

“இவ்வளவு தூரம் வந்தாச்சி. இன்னும் நாலு நாளு பல்லக் கடிச்சிக்க.”

“நாலு நாளுன்னு போன மாசமும் சொன்னீங்க.”

“வளையல் போட்டு அழைச்சிட்டு வர்ற பொண்ணு நடுவழியில திரும்பக் கூடாது பூங்காவனம். பெரியவங்க சும்மாவா வச்சிருக்காங்க?”

பூங்காவனம் போனை மகளிடம் கொடுத்தாள். நித்யகலா கால் இரண்டும் வீங்கியிருக்கிறது என்றாள், பிள்ளை நன்றாக உதைக்கிறது என்றாள். திரும்பிய வண்டி புறப்படுவதற்காக ஹாரன் அடிப்பது அவர் காதிலேயே கேட்டது. “நீங்க சொல்றதுதாம்பா,” என்றாள். ஏறிக்கொள் என்ற வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து எதிரே டீக்கடையில் ஒருவர் கையைத் தூக்கி, என்ன மேஸ்திரி, மகள் வந்தாச்சா என்று கேட்டார். கலியமூர்த்தி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வந்துகிட்டு இருக்கு என்றார். போனிலும் வாம்மா என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஒன்பதாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வலி கண்டது. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், கல்லுக்குப் பக்கத்தில் பெண்கள் புடவைகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பூங்காவனம் சொன்னதும் கலியமூர்த்தி கம்பெனி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். ஊரிலிருந்து பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அந்தக் கல் இருந்தது. ஊர்க்காரர்கள் பல பேர் முன்பே போய்ப் பார்த்ததுதான், அங்கே கல் உண்டு, பனைமரம் உண்டு, காய்ந்த வாய்க்கால் உண்டு, ஒரு பஸ்ஸும் கிடையாது, ஒரு ஆளும் கிடையாது. தெரிந்தேதான் போனார். கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

“நான் கல்லுகிட்டதான் நிக்கிறேன் பூங்காவனம்.”

“நாங்களும் கல்லுகிட்டதாங்க இருக்கோம். புள்ள அதுலதான் சாஞ்சிருக்கு.”

மகள் அலறுவது போனில் கேட்டது. அவர் நின்ற இடத்தில் கொக்கு ஒன்று வாய்க்காலில் இறங்கி நடந்தது. கல்லில் அவர் முகத்தை வைத்துத் தேய்த்தார், அதில் ஏதாவது சூடு, ஏதாவது ஈரம் தெரிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார், வெயிலின் சூடுதான் இருந்தது. இந்தக் கையால் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட முடியும், ஆஸ்பத்திரி இங்கிருந்து கால் மணி நேரத் தூரம், கை இருக்கிறது, மோட்டார் சைக்கிள் இருக்கிறது, மகள் சாய்ந்திருக்கிற கல் இருக்கிறது, மகள் இல்லை. அவர் வாய்விட்டு அழுதார். திரும்பு, யாராவது வண்டியைத் திருப்புங்கள் என்று கத்தினார். அவர்கள் வண்டி அதற்குள் டீசல் தீர்ந்து நின்றுவிட்டிருந்தது, வேறு வண்டி எதுவும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை.

மத்தியானம் சாய்ந்த பிறகு பூங்காவனத்தின் குரல் வந்தது. அந்தக் குரலில் அழுகையே இல்லை. “பொட்டப் புள்ள பொறந்திருக்கு. கலா போயிட்டா,” என்றாள்.  பிறகு அவளே கேட்டாள். “ஊருக்குக் கொண்டாரவா? நீங்க சொன்னா தோள்ல போட்டுக்கிட்டாவது நடப்பேன்.”

அத்தனை நாளும் கொண்டுவா, அழைத்துவா என்று சொன்ன வாய், அன்றைக்குத்தான் முதல்முறையாக வேண்டாம் என்றது. அங்கேயே வைத்துவிடு என்றார். கல்லுக்கு வடக்கே நாலு அடி தள்ளி, மேடான இடத்தில், தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னார். தன் பக்கத்திலும் அதே இடத்தைப் போய் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

பிறகு பின்னால் ஒரு வண்டி வந்தது, மிச்சமிருந்தவர்கள் அதில் ஏறிக்கொண்டார்கள், பூங்காவனம் ஏறவில்லை. புளியமரத்தடியில் டீக்கடை வைத்திருந்த குடும்பம் அவளுக்கு ஒரு கூரை போட்டுக்கொடுத்தது, ஆட்டுப்பால் கொடுத்தது. வண்டிகள் அந்த இடத்தைக் கலா மேடு என்று சொல்லி நிறுத்த ஆரம்பித்தன. கலியமூர்த்தி குழந்தையையாவது அப்பனிடம் கொண்டுபோய்ச் சேர் என்று கெஞ்சியபோது அவள் சொன்ன பதில் இதுதான்: “அவள வுட்டுட்டு நான் மேலயும் போவல, கீழயும் வரல. ஒங்களுக்கு வேணுமுன்னா நீங்க வாங்க.”

சரிதானே. அவர் போவதென்று முடிவு செய்தார். ஐஸ் கம்பெனி முதலாளி தடுத்துப் பார்த்தார், தம்பி சுந்தரேசன் காலைப் பிடித்தான், அவனைத் தூக்கி நிறுத்தி, உன்னைப் பேசிய பேச்சுக்குத்தான் அனுபவிக்கிறேன் என்று சொல்லிக் கட்டிக்கொண்டு அழுதார். பஸ் ஸ்டாண்டில் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பி, “போறேன்,” என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

விடிந்ததும் கிளாம்பாக்கத்தில் ராஜ்மோகன் நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மாமனாரைப் பார்த்ததும் அவர் பையை வாங்கிக்கொண்டான், ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கலியமூர்த்திக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து பால் பவுடர் டப்பாக்கள், பாட்டில்கள், சின்னச் சின்னக் கவுன்கள், கொசுவலை, அரிசி, ஸ்டவ், சமாதிக்கு ஒரு சிமெண்ட் மூட்டை எல்லாம் வாங்கினார்கள். எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டதற்குக் கலா மேடு என்றார்கள். அந்தப் பெயருக்கு டிக்கெட் இல்லை, கடைசி நிறுத்தத்துக்குத்தான் கிழிக்க முடியும், நீங்கள் வேண்டிய இடத்தில் இறங்கிக்கொள்ளுங்கள் என்றார் அவர். பஸ் முழுக்கப் பாயும் தலையணையும் வெங்காய மூட்டையும் இருந்தன. மாதக்கணக்கான பயணத்துக்கு எல்லோரும் தயாராக வந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் போய்ச் சேர வேண்டியவர்கள், இவர்கள் இருவர் மட்டும் போய்ச் சேராமல் இருந்துவிட வேண்டியவர்கள்.

பஸ் சீர்காழியைத் தாண்டும்போது பூங்காவனம் கடைசியாகப் போனில் பேசினாள். குழந்தை சிரிக்கப் பழகிவிட்டது என்றாள். அவள் பேசிய பேச்சில் முதல்முறையாகக் கொஞ்சம் ஈரம் இருந்தது. வாங்க, கல்லுக்குப் பக்கத்திலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன் என்றாள்.

கிழக்கு வெளுக்கிற நேரத்தில் ‘புன்னந்துறை 12’ வந்தது. அங்கே யாரும் இல்லை. கலியமூர்த்தி கலவரப்படவில்லை, எத்தனையாவது கல்லில் அவர்கள் இருக்கிறார்களோ, வரிசையாக வரட்டும் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பஸ்ஸில் ஒரு பெண் இறங்கிச் சமைப்பதற்காகக் காய் நறுக்க ஆரம்பித்திருந்தாள். அடுத்த கல் வந்தது. அதில் ‘புன்னந்துறை 11’ என்று எழுதியிருந்தது.

பஸ்ஸுக்குள் ஊளையும் விசிலும் கைதட்டலும் கிளம்பின, யாரோ சாமி பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்கள், டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். கலியமூர்த்தியும் ராஜ்மோகனும் கதவைத் தட்டித் தட்டி இறங்கிப் பின்னால் ஓடினார்கள். பன்னிரண்டாம் கல் வரைக்கும் ஓடினார்கள். கல்லுக்கு வடக்கே நாலு அடி தள்ளி மேடு இருந்தது, அதில் புல் இருந்தது, மண் யாரும் தொடாத மண்ணாக இருந்தது. ராஜ்மோகன் கையாலேயே தோண்டினான். கலியமூர்த்தி போனைப் போட்டார், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னாள். பஸ்ஸிலிருந்து வந்த நாலு பேர் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டுபோய் சீட்டில் உட்கார வைத்தார்கள்.

ஊருக்குள் தகவல் முன்பே போயிருந்தது. தப்பு அடித்தார்கள், வெடி போட்டார்கள், பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டினார்கள், முதல் வண்டியில் வந்தவர்கள் என்று ஒவ்வொருவர் கழுத்திலும் மாலை போட்டார்கள். கலியமூர்த்தி கழுத்திலும் ஒன்று விழுந்தது.

“எறங்குங்க மேஸ்திரி, ஊரு வந்துட்டு,” என்றார் முதலாளி.

“நான் எறங்க வேண்டிய ஊரு இன்னும் வரலிங்க,” என்றார் கலியமூர்த்தி.

நாளைக்கு வண்டியில் வந்துவிடுவார்கள், ரோடுதான் சரியாகிவிட்டதே என்று எல்லோரும் சொன்னார்கள். வழியில் ஆள் வைத்திருந்த வீடுகளெல்லாம் அன்றைக்கு வாசல் தெளித்துக் காத்திருந்தன. மறுநாள் வண்டி வந்தது, அதற்கு முந்தின இரவு சென்னையில் ஏறியவர்கள்தான் அதிலிருந்து இறங்கினார்கள். அந்த நீளத்தில் இருந்தவர்களும், அந்த அதிகாரியும், படகில் வந்த நாலு பேரும், பிடிவாதக்காரர்களும் யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நாள் ஊர் அவர்களுக்காக வருத்தப்பட்டது. பிறகு லாரிகள் போய்த் திரும்பின, ஐஸ் தேவைப்பட்டது, ஜோசியர் பழைய கேள்வியை விட்டார், பஸ் ஏறுகிறவர்கள் ‘போயிட்டு வர்றேன்’ என்று மறுபடி சொல்ல ஆரம்பித்தார்கள். காணாமல் போனவர்களைப் பற்றி யாராவது வெளியூர்க்காரர் கேட்டால், சென்னைக்குப் போனார்கள், திரும்பவில்லை, எந்த ஊரில்தான் இல்லை என்று பதில் சொல்லவும் பழகிக்கொண்டார்கள்.

மாமனாரும் மருமகனும் மட்டும் இருட்டுப் பிரிவதற்கு முன்னால் பால் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்காருகிறார்கள். இன்றைக்கு வண்டி தாமதமாக வரவேண்டும், ஒரு அரை மணி நேரமாவது, ஒரு நிமிஷமாவது தாமதமாக வரவேண்டும், ரோடு ஒரு முழமாவது நீண்டிருக்கிறது என்று டிரைவர் சொல்லவேண்டும் என்று கலியமூர்த்தி தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொள்கிறார். பஸ் சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறது.